இரண்டு காலி ஃபோல்டர்கள்

நான் வேலை செய்யும் அலுவலகம் நல்லம்பள்ளியில் ஒரு மாடியில் இருக்கிறது. ஊர் ஊராகப் போய்க் குடிதண்ணீரைச் சோதிப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. கதவைத் திறப்பது, பெருக்குவது, டீ வாங்கி வருவது, சோதனைப் பாட்டில்களைக் கழுவி அடுக்குவது எல்லாம் என் பொறுப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவன் நான். தமிழ்ப் பேப்பரைத் தினமும் ஒரு வரி விடாமல் படிப்பேன். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். எங்கள் பக்கத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பலரையும் போல எனக்கும் பல்லெல்லாம் பழுப்புக் கறை. சின்ன வயதிலிருந்தே கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுவேன். அப்படிப் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பது சுலபம் என்று ஒரு கட்டத்தில் ஆகிவிட்டது.

அலுவலகத்தில் நாங்கள் நான்கு பேர். மேனேஜர் சார், பைக்கில் ஊர்களுக்குப் போய்வரும் கள ஊழியர், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மேடம், நான். மேடத்துக்கு முப்பது வயதிருக்கும். காரிமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்.

அந்த வருடம் புதிதாக ஒரு முறை கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் போர்வெல் தண்ணீரைச் சின்னப் பாட்டிலில் பிடித்து, மருந்து நாலு சொட்டு விட்டு, மாறிய நிறத்தைச் செல்போனில் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் படங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொரு படத்தின் நிறத்தையும் பார்த்து, எந்தத் தண்ணீர் குடிக்கலாம், எது கூடாது என்று பிரிக்கும் வேலையை மேடம் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அதை எழுதிவைத்த பக்கத்தை அவர் நோட்புக் என்பார். திரையில் பெட்டி பெட்டியாக இருக்கும். பெட்டியில் எழுதியதை ஓடவிட்டால் பதில் அதன் கீழே வரும். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் நிற்கும். நட்சத்திரம் போய் எண் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். பக்கத்து மேஜையைத் துடைக்கும்போது பார்த்துப் பார்த்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்.

கெட்ட தண்ணீர் வரும் போர்வெல்களின் பட்டியலை ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள், அதாவது அலுவலகத்தில் பூஜை செய்யும் நாள், மாலை ஐந்து மணிக்குள் மாவட்ட அலுவலகத்துக்கு மெயிலில் அனுப்பியாக வேண்டும். அடுத்த கூட்டத்தில் எந்த ஊருக்குச் சுத்திகரிப்பு மிஷின் என்று முடிவு செய்வதே அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். பட்டியலில் வராத ஊர் இன்னொரு வருடம் அதே தண்ணீரைக் குடிக்க வேண்டியதுதான். எங்கள் ஊர்ப் போர்வெல்லின் படமும் அந்தக் குவியலில் இருந்தது.

நோட்புக் இரண்டு தடவை பாதியில் நின்றுபோனது. ஒரு தடவை கரண்ட் போய், இன்னொரு தடவை ஏதோ ஒரு படம் கெட்டுப்போய். மூன்றாவது தடவையாகப் பூஜைக்கு முந்தின நாள் காலையில் ஓடவிட்டார். பூஜை நாள் மாலை நாலரை வாக்கில் முடியும் என்றார். கீபோர்டின் மேல் ஒரு தாளை ஒட்டி, கொட்டை எழுத்தில், “ஓடுகிறது. அணைக்காதீர்கள்” என்று எழுதிவைத்தார். எனக்குத் தனியாகவும் சொன்னார்.

“அண்ணா, எது வேணா தொடைங்க. சுவிட்ச் பக்கம் மட்டும் கையக் கொண்டு போயிராதீங்க.”

“சரிங்கம்மா.”

எங்கள் அலுவலகத்து ஆயுத பூஜையில் ஒரு வழக்கம் உண்டு. மேனேஜர் சார் கொண்டுவந்தது. பூஜைக்கு முன்னால் எல்லாக் கம்ப்யூட்டரின் திரையிலும் சரஸ்வதி படத்தை வைக்கவேண்டும். அம்மனின் முகத்தின் மேல் ஃபோல்டர்கள் உட்கார்ந்திருப்பது அவருக்கு ஆகாது. அதனால் திரையில் கிடப்பதையெல்லாம் வெட்டி எடுத்து, கறுப்பு ஹார்ட் டிஸ்க் ஒன்றில் போட்டுவிட்டு, திரையை வெறுமையாக்க வேண்டும். அந்த ஹார்ட் டிஸ்க்கையும் சந்தனம் குங்குமம் வைத்து, சோதனைப் பெட்டிகளோடும் பைக் சாவியோடும் படத்துக்கு முன்னால் வைத்துப் பூஜை செய்வோம். விடுமுறை முடிந்து வந்த பிறகு அவரவர் தங்களுடையதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஆறு வருடமாக அந்த வேலையைச் செய்வது நான்தான். மவுஸில் வலது பக்கம் அழுத்தினால் வெட்டலாம், ஒட்டலாம், புது ஃபோல்டர் உண்டாக்கலாம். அதைச் செய்யும்போது மட்டும் நானும் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று மனதுக்குள் ஒரு பெருமை இருக்கும்.

மேடம் அந்த வருடம்தான் வேலைக்கு வந்தவர். இந்த வழக்கம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

ஒன்றரை மணிக்கு அவர் சாப்பிடக் கீழே போனார். மற்றக் கம்ப்யூட்டர்களை முடித்துவிட்டு அவருடையதற்கு வந்தேன். தாள் ஒட்டியிருந்தது. நட்சத்திரம் நின்றுகொண்டிருந்தது. சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. நோட்புக்கின் பக்கத்தைக் கீழே இறக்கி வைத்தேன். திரையில் கிடந்த ஃபோல்டர்களைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் வெட்டி ஹார்ட் டிஸ்க்கில் ஒரே குவியலாக ஒட்டினேன்; காலி ஃபோல்டர்களை அழித்துவிட்டு அம்மன் படத்தை வைத்தேன். பக்கத்தைத் திரும்ப மேலே கொண்டுவந்து பார்த்தேன். நட்சத்திரம் அப்படியே இருந்தது. எவ்வளவு பதனமாக வேலை செய்திருக்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டரைக்குப் பூஜை ஆரம்பித்தது. மேனேஜர் சார் எல்லாத் திரைகளின் ஓரத்திலும் குங்குமம் வைத்துக்கொண்டே வந்து, மேடத்தின் மேஜையருகே நின்றார்.

“எல்லா மிஷினும் ஓய்வெடுக்குது. இது மட்டும் ஓடிக்கிட்டே கெடக்குதேம்மா.”

“அம்மனுக்குக் கணக்குத் தெரியும் சார். மன்னிச்சிருவாங்க,” என்றார் மேடம்.

கள ஊழியர், “படிச்சவங்க சாமிகிட்டயும் பர்மிஷன் வாங்கிட்டுத்தான் வராங்க,” என்று சிரித்தார். கற்பூரம் காட்டி முடிந்தது. நான் பொரியும் கடலையும் கலந்து தட்டுகளில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மேடத்தின் குரல் கேட்டது.

“இது என்ன புதுசா?”

திரையில் ஒரு சின்னப் பெட்டி குதித்து வந்திருந்தது. சேமிக்க முடியவில்லை, இடம் காணவில்லை என்று ஆங்கிலத்தில். அவர் அதை மூடினார். உடனே இன்னொன்று வந்தது. அதை மூடப்போன அவசரத்தில் எதை அழுத்தினாரோ, நோட்புக்கின் பக்கமே மூடிக்கொண்டது. திரை முழுக்க வீணையோடு அம்மன் மட்டும்.

நோட்புக்கைத் திரும்பத் திறக்க அவர் தன் ஃபோல்டரைத் தேடினார். திரையில் ஒரு ஃபோல்டரும் இல்லை.

“போச்சு,” என்றார். “எல்லாமே போச்சு. டிஸ்க் கெட்டுப்போயிருச்சு போல.”

“ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம். எங்க வூட்டு டிவி அப்படித்தான் சரியாவுது,” என்றார் கள ஊழியர்.

மேனேஜர் சார் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால். “அணைச்சுட்டுப் போடும்மா. வேற வழியில்ல. மாவட்ட ஆபீசுக்கு நான் போன் பண்ணி டைம் கேக்கறேன். குடுப்பாங்களான்னு தெரியல.”

மேடம் குனிந்து மேஜைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர்ப் பெட்டியின் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

என் கையில் பொரித் தட்டு. ஃபோல்டர்கள் எங்கே இருக்கின்றன என்று அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். சொன்னால் இரண்டு நாள் வேலையைக் கெடுத்தவன் நான் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் டிஸ்க் கெட்டுப்போயிற்று என்றே எல்லோரும் நம்பிவிடுவார்கள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை மறைக்க விருப்பமில்லை.

பிறகு பெட்டியின் பின்பக்கத்து விசிறிச் சத்தம் காதில் விழுந்தது. தினமும் அந்தப் பெட்டிகளின் தூசி தட்டுகிறவன் நான். சும்மா இருக்கும் பெட்டியின் விசிறி மெதுவாகச் சுற்றும். இது இரைந்துகொண்டிருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியின் பின்னால் கையை வைத்தேன். சூடான காற்று.

“அணைக்காதீங்க!”

நான் கத்தியதில் நானே திடுக்கிட்டேன். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஓடுதுங்கம்மா. இன்னும் உள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்குது. கைய வெச்சுப் பாருங்க. சும்மா இருந்தா இவ்ளோ சூடு வராதுங்க.”

மேடம் கையை வைத்துப் பார்த்தார். முகத்தில் ஒரு சின்ன மாறுதல். “ஆமா. ஆனா ஃபோல்டர் எங்க போச்சு?”

“நாந்தாங்கம்மா எடுத்தேன்.”

சொல்லிவிட்டேன். பூஜைக்காக எடுத்ததை, ஹார்ட் டிஸ்க்கில் போட்டதை, நட்சத்திரம் நின்றதைப் பார்த்துவிட்டுப் போனதை எல்லாம் சொன்னேன். வாயை மூடக் கையைத் தூக்க மறந்துவிட்டேன். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

“ஓடிட்டிருக்குன்னு எழுதி ஒட்டியிருக்கேன்லண்ணா?”

“அணைக்கலீங்கம்மா…”

“அணைக்கல. அது நிக்கற தரையவே உருவி எடுத்துட்டீங்க.”

கள ஊழியர், “ஆறு வருசத்துல இந்த மனுசன் பேசி நான் கேட்டதே இல்ல. வாயத் தொறந்தாரு, குண்டத் தூக்கிப் போட்டுட்டாரு,” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

மேடம் எழுந்து பூஜைப் படத்தருகே போய் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கப்போனார். மேனேஜர் சார் குறுக்கே வந்தார். “பூசையில வெச்சத லீவு முடிஞ்சு வந்துதாம்மா எடுக்கணும். இப்பத் தொடக்கூடாது.”

“சார், ஊரு ஊரா ஜனங்க கெட்ட தண்ணி குடிக்கறாங்க. நீங்க பூசைங்கறீங்க!”

“அத எடுத்துப் பாத்தாலும் தெரியாதுங்க,” என்றேன். மெதுவாகத்தான் வந்தது. “எது எங்க இருந்துச்சுன்னு பாக்காம எல்லாத்தையும் பிரிச்சு ஒரே குவியலாப் போட்டுட்டேன். ஒரே பேருல வந்ததுக்கு மிஷினே வேற பேரு குடுத்துருச்சு. எந்த நோட்டு எந்த ஃபோல்டருக்குள்ள இருந்துச்சுன்னு இப்ப யாராலும் சொல்ல முடியாதுங்க.”

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். பிரச்சினை என்னவென்று அப்போதுதான் எங்களுக்கு விளக்கினார். படங்களையெல்லாம் முதலிலேயே நினைவில் ஏற்றிக்கொண்டுதான் நோட்புக் ஓடுகிறது. அதனால் படங்கள் போனது பிரச்சினை இல்லை. வேலை முடிந்ததும் கடைசி வரியில், தான் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதே ஃபோல்டரில் பட்டியலை எழுதும். எந்த ஃபோல்டர் என்பதை ஆரம்பிக்கும்போதே விசாரித்து மனதில் வைத்துக்கொண்டது. நாலரைக்கு அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கும். இடம் இருக்காது. எழுதாமலே நின்றுவிடும்.

“அப்ப வேற எடத்துல எழுதச் சொல்லு,” என்றார் மேனேஜர் சார்.

“ஓடிட்டிருக்கறப்ப எதுவும் காதுல வாங்காது சார். கேட்டாலும், மொதல்ல இத முடிச்சுட்டு வரேன்னு வரிசைல நிக்க வெச்சிரும்.”

“நீ எந்த எடத்துல வெச்சேன்னு உனக்கே தெரியாதா?”

“ஃபோல்டர நானே நாலு தடவ மாத்தியிருக்கேன் சார். அதனாலதான் எடத்தக் கையால எழுதாம, நீயே கண்டுபிடிச்சுக்கோன்னு ஒரு வரி போட்டேன். அது கண்டுபிடிச்சிருச்சு. எனக்குத்தான் தெரியல.”

ஓடுகிற நோட்புக்குக்கு அது இருக்கும் இடம் தெரியும், ஆனால் அதைக் கேட்க முடியாது. கேட்க நினைக்கிற எங்களுக்கு இடம் தெரியாது. மணி மூன்று ஐம்பது.

மேடம் பெங்களூரில் வேலை செய்யும் தன் தோழிக்குப் போன் போட்டார். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார். மேடம் போனை ஸ்பீக்கரில் வைத்தார்.

“நோட்புக்கத்தான மூடுன? பின்னாடி அத ஓட்டற சர்வர மூடலையே?” என்று கேட்டது அந்தக் குரல்.

“இல்லடி. தொடவே இல்ல.”

“அப்ப ஏன் அழுவற? எந்தெந்த நோட்புக் ஓடுதுன்னு அதுக்கிட்ட ஒரு லிஸ்ட் இருக்கும். வழியோட காட்டும். நோட்புக்கக் கேக்காத. அத ஓட்டறவன கேளு.”

மேடம் அதைத் தேடிப் பிடித்தார். பட்டியல் திறந்தது. ஓடிக்கொண்டிருப்பவை என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள். ஒரே பெயர் கொண்ட இரண்டு நோட்புக். ஒன்று ‘வாட்டர்’ என்ற ஃபோல்டருக்குள் ‘நியூ’ என்ற ஃபோல்டரில். இன்னொன்று அதே ‘வாட்டர்’ ஃபோல்டருக்குள் ‘நியூ டூ’ என்ற ஃபோல்டரில்.

“ரெண்டு இருக்குடி. போன வாரம் ஒண்ணத் தெறந்து மூடாம விட்டுட்டேன். அத அப்படியே காப்பி பண்ணி இன்னொண்ணு… நேத்துக் காலைல எதத் தெறந்து ஓட்டுனேன்னு சத்தியமா ஞாபகம் இல்ல.”

தோழி எதையோ விளக்க ஆரம்பித்தார். எந்த எண்ணுள்ள வேலை அதிகம் உழைக்கிறது, எது எந்த நேரத்தில் ஆரம்பித்தது என்று பார்க்கச் சொன்னார். மேடம் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து எதையோ அடித்தார், தப்பாக அடித்தார், அழித்தார். மணி நாலு பத்து. அந்தக் கறுப்புத் திரை எனக்குப் புரியவில்லை. ஆனால் புது ஃபோல்டர் உண்டாக்குவது எனக்குத் தெரிந்த வேலை.

“ஏம்மா,” என்றேன். “எதுன்னு பாத்துக்கிட்டு ஏன் இருக்கணும்? ரெண்டையுமே உண்டாக்கி வெச்சா ஆகாதுங்களா? அது எதுல வேணா வந்து எழுதிட்டுப் போவட்டும்.”

தோழி தன் விளக்கத்தை நிறுத்திவிட்டு, “யாரு அது? அவரு சொல்றதச் செய்யி மொதல்ல,” என்றார்.

மேடம் எழுந்து நாற்காலியை என்னிடம் தள்ளினார். “நீங்களே போடுங்கண்ணா. நா லிஸ்ட்டப் பாத்து எழுத்து சொல்றேன்.”

திரையில் அம்மன் முகம் நடுவில் இருந்தது. மேனேஜர் சார் என் பின்னால் வந்து நின்று, “முகத்து மேல வேணாம்யா. கீழ, ஓரமா,” என்றார். கீழே ஓரத்தில்தான் அழுத்தினேன். ஆனாலும் ஃபோல்டர் வீணையின் மேல் போய் உட்கார்ந்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மேடம் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நான் தேடித் தேடி அழுத்தினேன். ‘வாட்டர்’ முடிந்தது. அதற்குள்ளே ‘நியூ’. பிறகு ‘நியூ டூ’. மேடம் குனிந்து, பட்டியலில் இருந்ததையும் நான் அடித்ததையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

“சரியா இருக்குண்ணா.”

இரண்டு ஃபோல்டர்களையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரண்டும் வெள்ளையாக, ஒன்றுமே இல்லாமல் கிடந்தன.

மணி நாலு இருபத்தைந்து. இனிச் செய்ய ஒன்றுமில்லை. நட்சத்திரத்தைக்கூடப் பார்க்க முடியாது. அந்தப் பக்கம் மூடிவிட்டது. எத்தனை படம் முடிந்தது, எத்தனை பாக்கி என்று தெரியாது. நாங்கள் ஃபோல்டர் போடுவதற்கு முன்னாலேயே அது வந்து பார்த்துவிட்டு, இடம் இல்லை என்று நின்றுபோயிருந்தால்? அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து பெட்டியின் பின்னால் கையை வைத்துக்கொண்டேன். சூடான காற்று வந்துகொண்டிருந்தது.

“இருக்குங்களா?” என்று மேடம் கேட்பார்.

“இருக்குதுங்க,” என்பேன்.

நாலரை ஆனது. நாலு முப்பத்தைந்து. மேனேஜர் சார் கற்பூரத் தட்டின் பக்கத்தில் போய் நின்றார். கள ஊழியர் தட்டிலிருந்த பொரியைத் தின்ன ஆரம்பித்து, மெல்லும் சத்தம் கேட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். கரண்ட் போய்விடுமோ என்று விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே தர்மபுரி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“இருக்குங்களா?”

கையை வைத்துப் பார்த்தேன். காற்றின் வேகம் குறைந்திருந்தது. சூடு இறங்கிக்கொண்டிருந்தது. விசிறி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

“நின்னுருச்சுங்க,” என்றேன்.

எல்லோரும் திரையைப் பார்த்தோம். ‘நியூ டூ’ வெறுமையாகவே இருந்தது. மேடம்கூட அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாகச் செய்தது அதுவாகத்தான் இருக்கும் என்று மனதில் நம்பியிருக்கிறார். இடது பக்கத்து ஃபோல்டரை யாரும் கவனிக்கவில்லை. நான் தரையிலிருந்து எழுந்தபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

“அம்மா, இதுல…”

‘நியூ’ ஃபோல்டரின் மூலையில் ஒரே ஒரு ஃபைல்.

மேடம் அதைத் திறந்தார். வரிசை வரிசையாக ஊர்ப் பெயர்கள் இறங்கிக்கொண்டே போயின. கடைசி வரிவரை போய்ப் பார்த்துவிட்டு, மெயிலில் இணைத்து அனுப்பினார். மணி நாலு ஐம்பத்திரண்டு. பெறப்பட்டது என்று பதில் வரும்வரை யாரும் நகரவில்லை. பதில் வந்தது. மேனேஜர் சார், “அம்மா தாயே,” என்று சொல்லி இன்னொரு கற்பூரம் ஏற்றினார்.

கொஞ்ச நேரம் கழித்து மேடம் என் பக்கம் திரும்பாமலே கேட்டார். “உங்க ஊரு எதுண்ணா?”

சொன்னேன். பட்டியலில் தேடினார். எங்கள் ஊரின் பெயர் வந்தது. பக்கத்தில் சிவப்பு.

“இருக்குண்ணா. குடிக்கத் தகுதி இல்லைன்னு வந்திருக்கு.”

எங்கள் ஊரில் எல்லோரும் குடிக்கிற தண்ணீர் கெட்டது என்று எழுதியிருந்தது. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். எங்கள் ஊர் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார். காரிமங்கலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசல் வரை போய் நின்றார். கோபம் முழுக்கப் போயிருக்கவில்லை என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது.

“அண்ணா, இனிமே என் கம்ப்யூட்டர்ல எதையாச்சும் எடுக்கறதுன்னா என்னக் கேட்டுட்டு எடுங்க. சாமிக்கே ஆனாலும்.”

“கேக்கறேங்கம்மா.”

அவர் படியில் இறங்கிப் போனார். நான் அந்தத் தாளைக் கீபோர்டிலிருந்து கிழியாமல் பிரித்து எடுத்தேன். பெட்டியை அணைக்கலாமா என்று மேனேஜர் சாரிடம் கேட்டேன்.

“ஏன்யா, அதையும் அந்தப் பொண்ணுகிட்டயே கேளு,” என்றார்.

ஜன்னலைத் திறந்து கூப்பிட்டேன். கீழே ரோட்டில் போய்க்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“அணைக்கலாங்களாம்மா?”

அவர் சரி என்று தலையாட்டினார்.